வில்லியனூர்ப் பக்கம் கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கையில் கைபேசியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எங்கள் தெருக்களுக்குள் வரப்போகிறீர்கள். 2011-ல் அதே வேலையைப் பார்த்தவன் நான். அப்போது ஆப் எல்லாம் கிடையாது. ஒரு தோள்பை, ஒரு பேனா, மடக்கக் கூடாது என்று பத்து முறை சொல்லிக் கொடுத்த படிவங்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி தொடங்கி 28 வரை பள்ளிக்கூடம் முடிந்ததும் தெருத் தெருவாகப் போனேன். வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடுகூட விடவில்லை, ஒரு குழந்தைகூட விடவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்கள் யார் என்று எழுதும் இடத்தில் நிறையத் தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஊர். புதுச்சேரிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர். சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஊர். வெளியூர்க்காரர்களுக்குத் திருக்காமீஸ்வரர் கோயில் தெரியும், லூர்து மாதா கோயில் தெரியும். தேர் இழுக்க இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த காலத்துப் பழக்கம். கொஞ்சம் தள்ளி சுல்தான்பேட்டை. முன்பு இதைத் தனி ஊர் என்றுதான் சொல்வோம். இப்போது நகரம் நீண்டு வந்து எங்களைத் தொட்டுவிட்டது. 2011 கணக்கிலேயே புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.44 லட்சம் பேர், பக்கத்தில் ஒழுகரை நகராட்சியில் 3 லட்சம் பேர். அதாவது நடுவூரை விடப் புறநகர் பெரிசு. வெள்ளைக்காரத் தெருவின் மஞ்சள் சுவரைப் படம் பிடித்துப் போட்டு ‘இதுதான் புதுச்சேரி’ என்கிறார்கள். புதுச்சேரியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் மூலக்குளத்திலிருந்து திருபுவனை வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும்.

உங்களில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கும்: இங்கே என்ன பெரிய கலப்பு, எல்லாம் தமிழ்தானே. எனக்கும் இருந்தது. 2011-ல் யூனியன் பிரதேசம் முழுக்க 12,47,953 பேர். அதில் நூற்றுக்கு 88 பேருக்குத் தமிழ் தாய்மொழி என்று பதிவாகியிருக்கிறது. ஏனாமில் தெலுங்கு, மாஹேயில் மலையாளம். அதைக் கழித்தால் புதுச்சேரிப் பகுதியில் தமிழ் இன்னும் கூடும். கணக்கு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கட்டியதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. என் பேனா எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். வாசலில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் போட்ட பலகை. மகன்தான் கதவைத் திறந்தார். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். நம் ஊர் பாஷையில் சொல்தா. இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, 1954-க்கு அப்புறம் ஊர் திரும்பியவர். அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய உடம்பு, நூல் புடவை, நெற்றியில் ஒன்றும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் சைகோன் பாட்டி. அம்மாவுக்குத் தாய்மொழி என்ன என்று மகனைக் கேட்டேன். “தமிழ்னு போடுங்க சார். அம்பது வருஷமா தமிழ்தான் பேசுறாங்க” என்றார். போட்டேன். அந்த நேரத்தில் பாட்டி மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மோட், ஹாய், பா, போன்... மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரி. என் காதில் விழுந்தது. ஊரையே எண்ண வந்தவன், அவர் எந்த மொழியில் எண்ணுகிறார் என்று நின்று கேட்கவில்லை.

அன்று என் பையிலேயே கையேடு இருந்தது. தாய்மொழி என்றால், ஒருவருடைய சின்ன வயதில் அவர் அம்மா அவரிடம் பேசிய மொழி. அம்மா சிசுப்பருவத்திலேயே இறந்திருந்தால், அந்த வீட்டில் பேசிய மொழி. இப்போது பேசுவது எது, படித்தது எது, புருஷன் வீட்டில் புழங்குவது எது என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குச் சம்பந்தமில்லை. தெரிந்த மற்ற மொழிகளுக்கு அடுத்த கட்டம் இருந்தது. விதி தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் மகனிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே எழுதி முடித்தேன்.

அந்தப் பெயர்ப் பலகையை வைத்து வேறு விதமாகவும் வழுக்கி விழலாம். பிரெஞ்சுப் பெயர் என்றதும் வெள்ளைக்காரர் வழி என்றோ கிரெயோல், அதாவது ஐரோப்பியக் கலப்பு, என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: சொந்தச் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம் என்று. எழுதிக் கொடுத்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளையே லாப்போர்த் ஆனார். அப்படி வந்த பெயர்கள்தான் பல வீட்டு வாசலில் இருப்பவை. உள்ளே பேசுவது அசல் தமிழ், மீன் குழம்பும் நம் மீன் குழம்புதான். அதேபோல பிரெஞ்சுக் குடியுரிமை வேறு சங்கதி. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைப்பது சட்டப்படி முடிந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டார்கள். பாஸ்போர்ட் பிரெஞ்சு, பெயர் பிரெஞ்சு, தாய்மொழி தமிழ், பாட்டிக்கு வியட்நாம் என்று நாலும் ஒரே கூரைக்குள் இருக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

சுல்தான்பேட்டையிலும் இதே கதை. முஸ்லிம் வீடு என்று தெரிந்ததும் பேனா தானாக உருது என்று எழுதப் பார்க்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு தெருவையே அப்படி முடித்தார். அடுத்தடுத்த இரண்டு வீட்டில் ஒன்றில் உருது பேசுவார்கள், இன்னொன்றில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் தவிர வேறு தெரியாது. கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்க அரை நிமிஷம் ஆகுமா?

இப்போது லைன் வீடுகளுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் திணறப் போவது இங்கேதான். 2011-ல் என் பிளாக்கில், அதாவது எனக்குக் கொடுத்த பகுதியில், அப்படி ஒன்றுதான் இருந்தது. இப்போது சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளை ஒட்டி எத்தனை என்று எண்ணி மாளாது. ஹவுராவிலிருந்தும் புவனேஸ்வரத்திலிருந்தும் புதுச்சேரிக்கு நேராக ரயில் இருக்கிறது. அதில் வந்திறங்கும் பையன்கள் மூட்டையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் அவர்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கன். ஓட்டல், கட்டடம், பிளாஸ்டிக் கம்பெனி, முடி வெட்டும் கடை, எங்கே பார்த்தாலும் ‘அந்த வடக்கன் பையன்’. அந்த ஒரு சொல்லே படிவத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நான் போனது சாயந்திரம் ஆறு மணிக்கு. பையன்கள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “எட்டு பேர் சார். எல்லாம் பீகாரு. ஹிந்தி.” எட்டு பேருக்கும் அதையே எழுதினேன். வயது கூட அவர் சொன்னதுதான்: இருபது, இருபது, இருபத்தொண்ணு. ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அந்த எட்டு பேரில் ஒருவனைப் பார்த்தேன். உடைந்த தமிழில் பேசினான். பீகார் இல்லை, ஒடிசா, கஞ்சாம் மாவட்டம். தாய்மொழி ஒடியா. கூட இருந்தவர்களில் நாலு பேர் அவன் ஊர்ப் பக்கம். அண்ணன் தம்பி இருவர் ஜார்க்கண்ட், வீட்டில் பேசுவது சந்தாலி. மீதி ஒருவன்தான் பீகார். அவனும் ஹிந்தி என்று சொல்ல மாட்டான், போஜ்புரி என்பான். எட்டுக்கு எட்டும் தப்பு! மேற்பார்வையாளரிடம் சொன்னேன். “விடுங்க சார், எல்லாம் ஒண்ணுதான், தாளை ஒப்படைச்சாச்சு” என்றார். மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்று என்று ஒன்று இருந்தது; நினைத்திருந்தால் திருத்தியிருக்கலாம். நானும் விட்டுவிட்டேன்.

‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது. அது மேலே தில்லியில் நடப்பது. 2011-ல் நாடு முழுக்க மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதை அலசிச் சேர்த்து 1,369 ஆக்கினார்கள். அதில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுபவை 270. அவற்றையும் மொழிகளாகக் கட்டி 121 என்றார்கள். ஹிந்திக் கட்டுக்குள் போஜ்புரியும் இருக்கிறது. ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் போஜ்புரி என்று சொன்னது விவரப் பட்டியலில் தனியாகவும் நிற்கிறது. பெரிய கூட்டலில் ஹிந்தி. அந்தக் கட்டல் சரியா தவறா என்பது வேறு சண்டை, அதில் எனக்குக் கருத்து உண்டு, இங்கே வேண்டாம். ஆனால் வாசலில் நீங்கள் போஜ்புரி என்று எழுதியிருந்தால்தான் விவரப் பட்டியலாவது மிஞ்சும். வாசலிலேயே ஹிந்தி என்று எழுதிவிட்டால் மேலே எந்த மேதாவி உட்கார்ந்திருந்தாலும் மீட்க முடியாது.

ஹிந்தித் திணிப்பு என்றால் கொடி பிடிக்கிற ஊர் நம்முடையது. கொடி பிடித்துவிட்டு வந்து லைன் வீட்டு வாசலில் நின்று ஒடியாக்காரனுக்கும் சந்தாலிக்காரனுக்கும் நாமே ஹிந்தி என்று எழுதிக் கொடுத்தால் எப்படி?

இன்னொன்று. இந்தப் பையன்கள் பயப்படுவார்கள். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்து முடிந்த கையோடு வருகிறீர்கள். அதுவும் இதுவும் ஒன்று என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆதார் கேட்பார்களோ, துரத்துவார்களோ என்று பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை யாரும் எடுத்துப் பார்க்க உரிமை இல்லை. இந்தச் சட்டப்படியே போடும் வழக்கைத் தவிர, எழுதியதைப் பதில் சொன்னவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவரவும் முடியாது. இதைத் தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில் சொன்னாலும் போதும். பிப்ரவரி முழுக்க இங்கே இருப்பவன் இங்கேதான் எண்ணப்படுவான். ஊரில் அவன் வீட்டுப் படிவத்தில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் விட்டால் அவன் நாட்டிலேயே இல்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் போங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

(அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் ஒரு அழகான விலக்கு இருக்கிறது. வழக்கம் தடுத்தால், கணவன் பெயரைச் சொல்லும்படி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது. 2011-ல் ஒரு கிழவி “முருகன் இருக்குற மலை தெரியுமா, அதான் அவுரு பேரு” என்றார். எந்த மலை என்று ஐந்து நிமிஷம் தேடினோம். பழனி.)

இனி முக்கியமான வீட்டுக்கு வருகிறேன். வீடு என்று சொல்லக் கூடாது; ஏரிக் கரையில் தார்ப்பாய் போட்ட நாலு குடிசை. கதவு எண் இல்லை. இருளர்கள். தோப்புக் காவல், மீன் பிடிப்பு, வயலில் எலி பிடிப்பு, செங்கல் சூளை வேலை. படிவத்தில் எட்டாவது கேள்வி: பட்டியல் சாதியா, பழங்குடியா, இரண்டும் இல்லையா? பழங்குடி என்று எழுத வேண்டுமென்றால் அந்தந்த மாநிலத்துக்கு என்று அறிவித்த பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த தாளில் புதுச்சேரிக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. அந்தக் குடிசையில் இருந்த பெண்ணின் அம்மா வீடு கண்டமங்கலம். மேற்கே கொஞ்ச தூரம், சைக்கிளில் போகலாம். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அங்கே இருளர் பழங்குடி. “எங்கம்மாவுக்கு எஸ்டி சர்டிபிகேட் இருக்கு. எனக்கு ஏன் இல்ல?” என்று கேட்டார். கல்யாணமாகி எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததில் அவர் பழங்குடியாக இல்லாமல் போய்விட்டார். என்னால் என்ன சொல்ல முடியும்? இரண்டும் இல்லை என்பதற்கு மூன்று என்று எண் போட்டுவிட்டு எழுந்தேன்.

2011 முடிவுகள் வெளியானபோது புதுச்சேரியில் பழங்குடியினர் எத்தனை பேர் என்ற இடத்தில் அச்சாகியிருந்தது பூஜ்யம். பஞ்சாப், அரியானா, தில்லி, சண்டிகர், புதுச்சேரி, இந்த ஐந்துக்கும் பூஜ்யம். புதுச்சேரிக்குப் புதிதாக வருகிற அதிகாரிகள் அதைப் பார்த்துவிட்டு ‘இங்கே பழங்குடியே கிடையாது’ என்று பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பூஜ்யத்தில் நாலு குடிசை என் கணக்கு.

2016 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. புதுச்சேரிக்கு முதல்முறையாக ஒரு பழங்குடிப் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர், இருளர். அடைப்புக்குறிக்குள் வில்லி, வேட்டைக்காரன் என்பவர்களும் சேர்த்தி. ஆகவே தம்பி, 2027-ல் நீங்கள் எழுதுவதுதான் புதுச்சேரியின் முதல் பழங்குடிக் கணக்கு. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எல்லோரும் ‘இருளர்’ என்றே சொல்ல மாட்டார்கள். சிலர் வேட்டைக்காரர் என்பார்கள், சிலர் வில்லி என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ‘பட்டியலில் இல்லையே’ என்று மற்றவரில் தள்ளிவிடாதீர்கள். காட்டுநாயக்கன், மலைக்குறவன், எருகுலா, குருமன் என்று இன்னும் சிலர் எங்களையும் சேருங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற பெயரையும் அப்படியே எழுதுங்கள். இந்த முறை எல்லோருடைய சாதியையும் கேட்கப்போகிறார்களே, சுதந்திரத்துக்கு அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதுதான் முதல் தடவை. பட்டம் சொன்னால் சாதி சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பிள்ளை, செட்டியார், நாயுடு என்பதெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகளில் வரும்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். பிப்ரவரி மாதம் சூளை மாதம். அந்தக் குடிசைகளுக்கு நீங்கள் போனால் பூட்டுக்கூட இருக்காது, படல்தான் சாத்தியிருக்கும். ஆள் இருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு எங்கேயோ கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்து ‘ஆள் இல்லை’ என்று முடித்துவிட உங்களுக்குத் தோன்றும். உங்கள் பிளாக்கில் சூளை இருந்தால், அங்கே வேலை செய்பவர்கள் யார் என்று முதலாளியிடம் கேட்காதீர்கள். கல் அறுக்கும் இடத்துக்கே போங்கள். செருப்பெல்லாம் களிமண் ஆகும், பரவாயில்லை.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று வாட்ஸ்அப் குழுவில் விரட்டுவீர்கள் என்று தெரியும். முதலில் முடித்தவருக்குக் கைதட்டும் படம் போடுவீர்கள். ஒரு தெரு முழுக்க ஒரே தாய்மொழி, ஒரே பிறந்த ஊர் என்று வந்தால் அந்தத் தெருவுக்கு நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அங்கே கணக்கெடுப்பில் பிறந்த இடம் கேட்பார்கள், குடியுரிமை கேட்பார்கள்; இனம் என்ன, தோலின் நிறம் என்ன என்று கேட்கவே மாட்டார்கள். “நீங்க ஏன் இதெல்லாம் கேட்கறீங்க?” என்றான். கேட்காமல் விடுவதும் ஒரு முறைதான், அதற்கும் நியாயம் இருக்கிறது. 1901-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை அளந்து இனம் பிரித்த ஆள். அந்தப் பாரம்பரியத்தை நினைத்தால் எனக்கும் கூசத்தான் செய்கிறது. ஆனால் கேட்பது என்று ஆன பிறகு, கேட்காமலே நாமாக எழுதிவைப்பதை விட அவனுடைய ஊர் வழக்கமே மேல்.

என் வீட்டுக்கும் உங்களில் ஒருவர் வருவீர்கள். மாடத் தெருவிலிருந்து இரண்டாவது திருப்பம். யாரைக் கேட்டாலும் ரிட்டயர்டு வாத்தியார் வீடு என்று காட்டுவார்கள். மோர் இருக்கும். 2011-ல் எங்கள் தெருவுக்கு வந்தவர் என் பழைய மாணவர். மரியாதைக்குத் திண்ணையிலேயே நின்றுகொண்டார். நானும் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். என் மனைவி உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் அவளுடைய அக்காவோடு போனில் பேசுவது தெலுங்கு. பேரனைத் தூங்க வைப்பதும் தெலுங்கில்தான். அந்தப் படிவத்தில் அவளுக்கு நேரே நான் சொல்ல, அவர் எழுதியது தமிழ். நாற்பது வருஷமாகத் தமிழ்தானே பேசுகிறாள் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. இந்த முறை என்னைக் கேட்காதீர்கள். உள்ளே போய் அவளையே கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வில்லியனூர்